கைக்குள் கேட்ட ஹார்ன்

எனக்கு வாய் அதிகம் என்பது ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். ரேஷனில் எடை குறைந்தாலும், யூனிட் ரயிலில் யாராவது காலை மிதித்தாலும் முதலில் கிளம்புவது என் குரலாகத்தான் இருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா இதைப் பெருமையாகவே சொல்லித் திரிவாள். அந்த வாய் என் ஆயுளில் ஒரே ஒரு நாள், ஒரு வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து சாயங்காலம்வரை, பசை போட்டு ஒட்டியதுபோல மூடிக்கிடந்தது. அந்த ஐந்து மணி நேரத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அது 2005. எனக்கு இருபத்திரண்டு வயது. பெயர் கங்கம்மாள். வேலைக்கு விண்ணப்பம் கொடுத்தபோது, "உங்க பொண்ணை வரச்சொல்லும்மா" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்கள். அப்படி ஒரு பெயர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு மில்லுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த ஷெட் எங்களுடையது. உள்ளே பதினான்கு பெண்கள். செய்தது ஸ்பீக்கர். ரேடியோ ஸ்பீக்கர், கோயில் ஸ்பீக்கர் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு பக்கம் மெல்லிய கோன், பின்னால் காந்தம், நடுவில் தலைமுடியைவிட மெலிந்த செம்புக் கம்பியைச் சுற்றிய காயில். எல்லாம் வெளிநாட்டுக்குப் போயிற்று. அங்கே இதை எதில் வைக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. செல்போனுக்கு என்றாள் ஒருத்தி. காது கேட்காதவர்கள் மாட்டிக்கொள்வது என்று ஸ்டோர்ஸ் மாரியப்பன் சத்தியம் பண்ணினார். தெரியாமலேயே இரண்டு வருஷம் செய்தோம்.

புகைக்காகக் கண்ணாடி அடைத்த சின்ன அறைக்குள், மூன்றாம் நம்பர் மேசையில் குல்சும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிவரை பஸ், அங்கிருந்து கம்பெனி வேன். அவள் வேலை சால்டரிங். காயிலிலிருந்து வருகிற இரண்டு கம்பி நுனிகளை வெளி வயரோடு பற்றவைக்க வேண்டும். சூடு ஒரு நொடி அதிகமானால் கம்பி தீய்ந்துபோகும், ஒரு நொடி குறைந்தால் ஒட்டாது. குல்சும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பாள். எடுத்தால் இரண்டு கடுகு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். காலையில் முதல் பீஸைத் தொடுமுன் உதட்டுக்குள் பிஸ்மி சொல்வாள். அந்தக் கண்ணாடி அறையிலிருந்து வந்த ரோசின் பிசின் புகையின் வாசனை எனக்கு இன்றைக்கும் எங்காவது டிவி ரிப்பேர் கடையைத் தாண்டும்போது வந்துவிடும். நடையைக் குறைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன். கடைக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

எதிர் மேசையில் நான், டெஸ்டிங். செய்ய வேண்டிய முறையைச் சுவரில் காகிதமாக ஒட்டியிருந்தார்கள். ஸ்பீக்கரை ஒரு ஸ்பாஞ்சின் மேல் திறந்தபடி வைத்து, சத்தம் கொடுத்து, மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து மில்லில் கம்பி விழுகிற ஒவ்வொரு டமாலுக்கும் முள் எகிறிக் குதித்தது. முதல் வாரம் நான் பெயில் போட்ட பீஸ்கள் ஒரு கூடை சேர்ந்துவிட்டன. சூப்பர்வைசர் வீரராகவன் சார் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குத்தான் குல்சும் எழுந்து வந்து ஒரு ஸ்பீக்கரை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சந்து இல்லாம கையை மூடு. காதுகிட்ட வை. எங்க ஊருல சங்கு பொறுக்குனா இப்படித்தான் கேப்போம்" என்றாள்.

மூடினேன். மில் சத்தம் அடங்கிப்போய், கைக்குள்ளிருந்து ஸ்பீக்கர் தெளிவாக, கனமாகப் பேசியது. அதற்குப் பிறகு எனக்கு மீட்டர் எதற்கு? எடுப்பேன், மூடுவேன், காதில் வைப்பேன், பாஸ். பெட்டி மேல் 'கங்' என்று கையெழுத்துச் சீட்டு ஒட்டுவேன். ஷெட்டிலேயே நல்ல காது கங்கம்மாளுக்குத்தான் என்று பெயராகிவிட்டது. எண்ணிக்கை ஏறியதைப் பார்த்த வீரராகவன் சார் மீட்டரைத் துணி சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சுவரிலிருந்த காகிதத்தை மட்டும் எடுக்கவில்லை. யாராவது பெரிய ஆள் வந்தால் காட்ட வேண்டுமே.

எனக்கும் குல்சுமுக்கும் அன்று பிடித்த சிநேகம். மதியம் அவள் இறால் தொக்கு கொண்டுவருவாள், நான் சோறு கொண்டுபோவேன். பேச்செல்லாம் என்னுடையது, சிரிப்பெல்லாம் அவளுடையது. ஒருநாள் மட்டும் அவள் பேசினாள். அவளை வேலைக்கு அனுப்ப வீட்டில் ஆறு மாதம் சம்மதிக்கவில்லையாம். கடைசியில் அண்ணன் மொஹசின் ஒரு நிபந்தனையோடு விட்டாராம். உன்னைப் பற்றி ஒரு சொல் வீட்டுக்கு வந்தால் அன்றோடு சரி என்பது நிபந்தனை. இத்தனை பாடுபட்டு இந்தப் புகைக்குள் வந்து உட்கார வேண்டுமா என்று நான் கேட்டேன்.

"ஊட்டுல நான் மொஹசின் தங்கச்சி. நாளைக்கு இன்னொருத்தர் பொஞ்சாதி. இங்கதான் நான் மூணாம் நம்பர் மேசை" என்றாள்.

அதைக் கேட்டு நான் கேலி பண்ணினேன். மேசைக்குக் கல்யாணம் எப்போது என்று ஒரு வாரம் அவளை ஓட்டினேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை வெளிநாட்டிலிருந்து பெட்டி ஒன்று வந்தது. உள்ளே செத்துப்போன எங்கள் ஸ்பீக்கர்கள் நாற்பது. கூடவே கடிதம். புதிதாக அனுப்பிய சரக்கில் நூற்றுக்கு முப்பது, ஒரு வாரத்தில் ஊமையாகிவிடுகிறது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் இனி வாங்கப்போவதில்லை என்று. பெட்டியின் அடியில் பஞ்சு சுற்றி இன்னொன்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் ரயில் என்ஜின். முழங்கையில் பாதி நீளம்கூட இல்லை. மஞ்சளும் நீலமுமாக, கதவு, கைப்பிடி, உள்ளே டிரைவர் பொம்மை வரைக்கும் அப்படியே இருந்தது. கேன்டீன் மேசையில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு, வயரைச் சொருகி, வீரராகவன் சார் பட்டனை அமுக்கினார். அந்தத் துளி என்ஜின் உறுமியது. இன்னொரு பட்டனை அமுக்கினதும் பாம் என்று ஹார்ன் அடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

பதினான்கு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். பெரியவர்கள் வீட்டில் வைத்து ஓட்டி விளையாடுகிற ரயிலாம். அதற்குக் குரல் கொடுக்கிறது எங்கள் ஸ்பீக்கர். தினமும் எளாவூர் தாண்டும்போது ஹார்ன் கேட்டு அலுத்தவள் நான். அந்த ஹார்னையே நான் கையில் பிடித்து பாஸ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரே சிரிப்பு. "இம்மாந்தூண்டு வண்டிக்கு இம்மாம்பெரிய கொரலு" என்று குல்சும் மேசையோடு குனிந்து, கண்ணை வண்டிக்கு நேராக வைத்துப் பார்த்தாள். என் மனசில் அவள் முகம் இன்றைக்கும் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குள் ஒரு மஞ்சள் ரயில் போய்வந்துகொண்டிருந்தது.

மறுநாளே சிரிப்பு போயிற்று. வீரராகவன் சார் செத்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக அறுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். தண்டவாளத்தில் கிடக்கிற இரும்புத் தூளைக் காந்தம் இழுத்திருக்குமோ என்று பார்த்தார், இல்லை. என்ஜின் பல்சக்கரத்து எண்ணெய் சொட்டி கோன் ஊறிப்போயிருக்குமோ என்று பார்த்தார், அதுவும் இல்லை. முக்கால்வாசியில் மெல்லிய கம்பி அறுந்திருந்தது. அறுந்த இடம், குல்சுமின் கடுகுக்கு ஒட்டினாற்போல இருந்தது.

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. சூடு அதிகமாக வைத்துக் கம்பியைக் கெடுத்திருக்கிறாள் என்றார். சனிக்கிழமை பதில் எழுத வேண்டும், அதில் காரணம் இருக்க வேண்டும், காரணத்துக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். வியாழக்கிழமை நான் அவர் மேசைக்கே போய்ச் சண்டை போட்டேன். கம்பெனியில் அவளைப்போலப் பற்றவைக்க ஆள் கிடையாது, பழியைத் தூக்கி அவள் கைமேல் போடாதீர்கள் என்று கத்தினேன். அவர் கெட்டவர் இல்லை. என்ஜினையும் பத்து நல்ல ஸ்பீக்கரையும் என்முன் வைத்தார்.

"அப்ப நீயே காரணத்தைக் கண்டுபிடிச்சிக் குடும்மா. நாளைக்குப் பூரா ஓட்டிப் பாரு" என்றார்.

மறுநாள் வெள்ளி, அமாவாசை. வீரராகவன் சார் திருவள்ளூர்க்காரர். அமாவாசை என்றால் எந்த வேலை கிடந்தாலும் காலையில் கோயில் குளத்தில் முழுக்குப் போட்டுப் பெருமாளைப் பார்த்துவிட்டு, பெரியபாளையம் வழியாக பைக்கில் இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்வார். நான் காலையிலிருந்து வண்டியைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தேன். பத்தில் மூன்று அதற்குள் ஊமையாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் வெளியே மரத்தடிக்குப் போனார்கள். குல்சும் கண்ணாடி அறைக்குள் மதிய லுஹர் தொழுகைக்குப் போனாள். நான் தனியாக உட்கார்ந்து, நாலாவது ஸ்பீக்கரை மாட்டி, என்ஜினின் மேல் மூடியைப் போடாமலே ஹார்னை அமுக்கினேன்.

சத்தம் இளைத்து, கரகரத்து வந்தது. சளி பிடித்த ஹார்ன். நான் பாஸ் போட்ட பீஸ் இப்படிக் கேட்காதே என்று பழக்கதோஷத்தில் வயரோடு எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினேன். பாம் என்று கனமாக, சுத்தமாக வந்தது. கையைத் திறந்தேன், கரகர. மூடினேன், பாம். திறந்தேன். கண்முன்னாலேயே கோன் எல்லையில்லாமல் முன்னும் பின்னும் எகிறியது. அதோடு சேர்ந்து அந்த மெல்லிய கம்பி அசைந்து அசைந்து, எங்கே இறுகியிருக்கிறதோ அந்த இடத்தில், அதாவது கடுகு ஓரத்தில், மடங்கி மடங்கி எழுந்தது. நூறு தடவை மடக்கினால் ஆணியே அறுந்துவிடும்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம். ஸ்பீக்கருக்குப் பின்னால் அடைத்த பெட்டி ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் தள்ளுகிற காற்றும் ஒன்றையொன்று தின்றுவிடும், சத்தம் இளைக்கும். இளைத்தால் ஓட்டுகிறவன் என்ன செய்வான்? இன்னும் கூட்டி வைப்பான். பின்னால் முட்டுக் கொடுக்கக் காற்றில்லாத கோன் இன்னும் துள்ளும். காயில் சூடாகும், கம்பி அறும். இந்த என்ஜினுக்குள் பெட்டி கிடையாது. என் டெஸ்டிங்கில் மட்டும் பெட்டி இருந்தது, அது என் கை. காகிதத்தில் போட்டபடி திறந்து வைத்து ஒரே ஒரு பீஸைக் கேட்டிருந்தாலும் இந்தக் கரகரப்பு அன்றைக்கே காதில் விழுந்திருக்கும். இதை எப்படி மாட்டுகிறீர்கள் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு நாமே எழுதிக் கேட்டிருக்கலாம். குல்சுமின் கையில் ஒரு குற்றமும் இல்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகளில் ஒட்டியிருக்கிற கையெழுத்து என்னுடையது.

இதை மரத்தடிக்கு ஓடிப்போய்க் கத்தியிருக்க வேண்டாமா நான்? ஸ்பீக்கரை மேசையில் வைத்துவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் என்னை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பயந்தேன். அதைவிட, நல்ல காது என்று வாங்கின பெயர் போய்விடுமே என்றிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதுதான் பெரிதாக இருந்தது. சார் இல்லையே, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொன்னேன்.

சார் இரண்டு மணிக்கு வந்தார். நெற்றியில் திருமண். எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார். ஸ்பீக்கரை மூடிய அதே வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். பத்தில் மூன்று போய்விட்டது சார் என்றேன். பொய் இல்லை, ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த உண்மை. சரி, சனிக்கிழமை காலையில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலு மணிக்கு அவர் குல்சுமைக் கூப்பிட்டார். விஷயம் தீரும்வரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஷெட்டில் பதினான்கு பேருக்கும் கேட்டது.

அவள் அழவில்லை. சால்டரிங் நுனியைத் துடைத்தாள். ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து காயவைத்தாள். மேசைத் துணியை மடித்தாள். வேனுக்குப் போகிற வழியில் என் மேசையருகே நின்றாள்.

"வண்டி ஓட்டிப் பாத்தியே கங்கா. எதுனா தெரிஞ்சிதா?" என்றாள்.

"ஒண்ணும் தெரியல குல்சு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போனாள். ஐந்தரைக்கு கேட்டில் வேன் நின்றது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். அவள் பார்ப்பது தெரிந்ததும் செருப்பின் பக்கிளை மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். வேன் திரும்பிப் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

அன்று ராத்திரி தூங்கினாயா என்று யாரும் கேட்க வேண்டாம். சனிக்கிழமை முதல் வண்டியைப் பிடித்தேன். ஷெட் திறக்குமுன் கேட்டில் நின்றேன். வீரராகவன் சார் பைக்கை நிறுத்துவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஒரு நாள் அடைத்துக் கிடந்த வாய், நிறுத்த முடியவில்லை. அவருக்கு முதலில் புரியவில்லை. உள்ளே இழுத்துப்போய், என்ஜினை ஓட்டி, கையை மூடியும் திறந்தும் காட்டினேன். பிறகு என் பையிலிருந்த பிளாஸ்டிக் குங்குமச் சிமிழைக் கவிழ்த்துக் காலி செய்து, அதன் வாயில் ஸ்பீக்கரை வைத்துச் சுற்றிலும் பசை பூசினேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. ஹார்ன் கனமாக வந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மதியம்வரை ஓடியும் கம்பி அறவில்லை.

வீரராகவன் சார் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். மீட்டரை எடுத்து, சுற்றியிருந்த துணியாலேயே தூசியைத் துடைத்தார்.

"இதை உள்ள வச்சிப் பூட்டுனது நான்தானே கங்கம்மா" என்றார்.

கடிதத்தில் சோதனை முறையில் குறை என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். வெளிநாட்டுக்காரர்களிடம் விசாரித்ததில், முந்தைய என்ஜின்களில் ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி இருந்ததாகவும், இந்தச் சின்ன என்ஜினில் இடமில்லை என்று அதை எடுத்துவிட்டதாகவும் தெரிந்தது. மூன்று மாதத்தில் நாங்களே கறுப்பு பிளாஸ்டிக்கில் சின்னக் கிண்ணம் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தோம். ஷெட்டில் அதற்குக் குங்குமச் சிமிழ் என்றே பெயர். ஸ்டாக் நோட்டில் மாரியப்பன் அப்படியே எழுதிவைத்தார். என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பயந்தது அவ்வளவும் இவ்வளவுதான்.

ஆனால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதில் பாதிதான் திருத்த முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீரராகவன் சார் பழவேற்காட்டுக்கே போனார். நானும் வருகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மொஹசின் அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, மரியாதையாகவே பேசியிருக்கிறார். நீங்கள் தேடி வந்ததே பெரிது, ஆனால் பொருளைக் கெடுத்தாள் என்ற சொல் வெள்ளிக்கிழமையே இந்த வீட்டுக்குள் வந்துவிட்டது, இனி அனுப்புவதற்கில்லை என்றாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குல்சும் தானே சொல்லியிருக்கிறாள். மறைக்கத் தெரியாதவள். நான் நாலு மணிக்குள் வாயைத் திறந்திருந்தால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இருந்திருக்காது. மூன்றாம் நம்பர் மேசைக்கு வேறு பெண் வந்தாள். நன்றாகத்தான் செய்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை.

2009இல் வெளிநாட்டு ஆர்டர் வற்றிப்போய் ஷெட்டை மூடினார்கள். கடைசி நாள் ஆளுக்கொரு ஸ்பீக்கரை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டோம். நான் குல்சுமுக்கும் சேர்த்து இரண்டு எடுத்தேன். அடுத்த வாரம் பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ் ஏறினேன். நாலு வருஷமாகப் போக வேண்டும் போக வேண்டும் என்று தள்ளிப்போட்ட பஸ். ஏரிப் பக்கம் திரும்பும் இடத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டுப் போனால், குல்சும் கதவைத் திறந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, சிஃபா. என்னைப் பார்த்ததும் பழைய சிரிப்பு அப்படியே வந்தது.

டீ வந்தது, சோறும் இறால் தொக்கும் வந்தது. மேசைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று அவளே கேட்டாள். நான் தொக்கைத் தொடவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோய், அன்று மதியமே எனக்குத் தெரியும் குல்சு, சாயங்காலம் நீ கேட்டபோது பொய் சொன்னேன் என்று சோற்றுத் தட்டைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எனக்கும் தெரியும்டி. தொழுதுட்டு எழுந்து பாக்கறேன், கண்ணாடிக்கு அந்தாண்ட நீ கையை மூடுற, தொறக்குற, மூடுற. அந்தக் கையை உனக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தானே. எனக்குப் புரியாதா?"

அப்படியானால் நீயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா உன்னைக் காட்டிக்குடுத்தா மாதிரி ஆயிடும். நீ சொன்னாதான் நாயம். அதான் உன் மேசைகிட்ட வந்து கேட்டேன். வேன் கெளம்புற வரிக்கும் பாத்துக்கினு இருந்தேன், எப்படியும் ஓடியாந்து சொல்லிடுவேன்னு."

"நான் குனிஞ்சி செருப்பு பக்கிளு மாட்டிக்கினு இருந்தேன்."

"அன்னிக்கு நீ போட்டுக்கினு வந்தது ரப்பர் செருப்புடி. அதுல ஏது பக்கிளு?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. வாயாடி என்று பெயரெடுத்தவள், ஒரு மன்னிப்பைக்கூட முழுசாகச் சொல்ல முடியாமல் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் தடுக்கவில்லை. சிஃபாதான் என் பையைக் கொட்டி, உள்ளிருந்த ஸ்பீக்கரை எடுத்து வாயில் வைக்கப் போனாள். குல்சும் அதைப் பிடுங்கிக் கம்பி நுனிகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். யார் பற்றவைத்தது, உருண்டை பெரிதாக இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்திலிருந்து பென்சில் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று நாங்கள் முதலில் பார்ப்பது அப்படித்தான். ஸ்பீக்கரை உள்ளங்கையில் வைத்து மூடி என் காதுக்குக் கொண்டுவந்து, மறு கையால் வயரை பேட்டரியில் தொட்டாள்.

டக் என்றது.

"பாஸா பெயிலா, சொல்லு" என்றாள்.

"கையைத் தொற குல்சு. தொறந்து வச்சிதான் கேக்கணும்" என்றேன்.

திறந்து பிடித்தாள். இன்னொரு தடவை தொட்டாள். வெளியே மீன்வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது, குழந்தை வேறு ஏதோ கத்தியது. அதற்கு நடுவில் சத்தம் மிகவும் மெல்லிசாகத்தான் வந்தது. எனக்குக் கேட்டது.